ஜீனோவுக்கு ஒரு துணைப்படம்

ஆரியசாலையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சென்ற மாதம் 'எந்திரன்' ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, இந்தப் படம் வாறதுக்கு எத்தனையோ வருசம் காத்துக் கெடந்தீங்களாமே, எதுக்கு?" என்று பேத்தி கேட்டாள். "ஜீனோவுக்காக மக்ளே" என்றேன். "அது யாரு?" என்றாள். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது; பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியா. மக்களுக்கு ரெண்டெழுத்துப் பெயர்தான். காணாமல் போன கணவன் சிபியைத் தேடும் நிலா. அவளுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. புத்தகம் வாசிக்கும், கிண்டல் பேசும், போகப்போக மனுசனை விடப் பெரிய மனசு காட்டும்.

2000-ஐ ஒட்டி இயக்குநர் ஷங்கர் கமல்ஹாசனை வைத்து இயந்திர மனிதன் பற்றிய படம் எடுக்கப்போகிறார், எழுத்து சுஜாதா என்று செய்தி வந்தது. தொலைக்காட்சித் தொடருக்குத் துணையாக வரும் படம் இதுதான் என்று என்னைப் போன்றவர்கள் நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். அந்த முயற்சி நின்றது. 2008 பிப்ரவரி 27-இல் சுஜாதா மறைந்தார். கடைசியில் ரஜினிகாந்த் நடித்து 2010 அக்டோபர் 1-இல் படம் வந்தது. அதில் நிலாவும் இல்லை, ஜீனோவும் இல்லை. குற்றம் படத்தின் மேல் இல்லை, எதிர்பார்ப்பு நம்முடையது.

துணைப்படம் என்றால் என்ன? விட்ட இடத்திலிருந்து கதையை நீட்டுவது தொடர்ச்சி. துணை என்பது, தெரிந்த கதையில் நாம் நிற்காத இடத்தில் நம்மைக் கொண்டு நிறுத்துவது. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க அறிவியல் தொடர் 2009 மார்ச்சில் முடிந்தது. அதே ஆண்டில் வந்த 'தி பிளான்' என்ற துணைப்படம், மனித குலத்தை அழிக்க வந்த இயந்திரங்களின் பக்கத்திலிருந்து அதே நிகழ்ச்சிகளைச் சொன்னது. நமக்கு இது புதிதா என்ன? சிலம்பும் மேகலையும் இரட்டைக் காப்பியங்கள் அல்லவா! கண்ணகி கதையில் ஓரமாக நின்ற மாதவியின் மகள், அடுத்த காப்பியத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறாள். கேள்வியும் மாறுகிறது: நீதிக்குப் பதில் பசியும் துறவும்.

இந்த அளவுகோலில் பார்த்தால், 'எந்திரன்' ஒரே ஒரு இடத்தில் ஜீனோவுக்கு உறவாகிறது. தீயிலிருந்து ஒரு பெண்ணை ஆடையின்றித் தூக்கிவருகிறான் சிட்டி. உயிரைக் காத்தவனுக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை; அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இயந்திரத்துக்கு மனிதரைப் புரியாத இடமும், மனிதருக்கு இயந்திரத்தைப் புரியாத இடமும் அங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. அதன் பிறகு நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் சேர்ந்து எழும்போது பிரமிப்பு வருகிறதே தவிர, பிரியம் வரவில்லை. 2018-இல் வந்த '2.0' இன்னும் பெரிதாகியது. ஜீனோவோ கைக்குள் தூக்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அதனால்தான் வீட்டுக் கூடத்துச் சின்னப் பெட்டிக்குள் அது பொருந்தியது.

ஆகவே எப்போதாவது அப்படியொரு துணைப்படம் வருமானால், நான் எதிர்பார்ப்பது இதுதான்: நிலாவின் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். நாய்க்குட்டியின் உயரத்தில் கேமரா இருக்கட்டும். மனிதர் எழுதிய புத்தகங்களை எல்லாம் வாசித்துவிட்டு, மனிதர் நடந்துகொள்வதைப் பார்க்கும் ஒரு இயந்திரம் என்ன நினைக்கும்? இயந்திரங்கள் நம்மோடு பேசத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில் அது குழந்தைக் கேள்வி அல்ல.

ஆனால் துணைப்படத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூலத்தை அறிந்தவர் இருந்தால்தான் அது துணை. இல்லையென்றால் ஏதோ ஒரு நாய்ப்படம். எங்கள் தெருவில் தமிழ் பேச்சிலே இருக்கிறது, பிள்ளைகளின் கண்ணிலே இல்லை. மலையாளமும் இங்கிலீஷும் சரளமாக வாசிக்கும் என் பேத்தி, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். பட நிறுவனம் செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும், வீட்டில் நாம் செய்ய வேண்டியது பாக்கி கிடக்கிறது.

இப்போது தினமும் ராத்திரி பத்துப் பக்கம் நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். ஜீனோ பேசும் வரிகளை மட்டும் அவளே வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நேற்று ஒரு பக்கத்தில் ஜீனோ பேசவே இல்லை. "அது ஏன் தாத்தா சும்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தை அவளே புரட்டினாள்.