ஊர்க்காரராக இருந்தால் போதுமா?

ஆசிரியர் பற்றாக்குறை என்ற பேச்சு எழுந்தாலே, உள்ளூரில் படித்தவர்களை வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனை வந்துவிடும். கரோனாவுக்குப் பின் தமிழக அரசு இதை இரு வழிகளில் செய்து பார்த்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்த் தன்னார்வலர்களை மாலை நேர மையங்களில் அமர்த்தியது. 2022இல், அரசுப் பள்ளிகளின் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று மாதத் தொகுப்பூதியம் வகுக்கப்பட்டது. தென்காசி மாவட்டத்தை வைத்து இந்த முறையை எடைபோட்டால், அதன் பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து முளைப்பது தெரியும்.

முதலில் பலம். சங்கரன்கோவிலில் தறி, புளியங்குடியில் எலுமிச்சைச் சந்தை, கடையநல்லூரில் வளைகுடாவுக்குப் போன தகப்பன்மார், குற்றாலத்தில் சீசன் கடைகள் என்று இங்கே ஊருக்கு ஊர் பிழைப்பு மாறுகிறது. பள்ளி திறக்கும் ஜூனில்தான் சாரலும் தொடங்குகிறது. அருவிக்கரையில் கடை போடும் வீட்டுக்கு அதுவே ஆண்டின் வருமானக் காலம். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராததைச் சோம்பல் என்று எழுதிவிடாமல் காரணம் தேட, உள்ளூர் அறிந்தவரால்தான் முடியும்.

ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளைப் பாருங்கள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி அடுக்கும் அம்மாவின் அருகில் வளரும் பிள்ளைக்குப் பெருக்கல் புதிதல்ல. கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் 1,000, கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு. வாய்பாடு ஒப்பிக்கத் திணறும் பிள்ளையும் இந்தக் கணக்கை அறியும். அதைத் தெரிந்த ஆசிரியர் பாடத்தை அங்கிருந்து தொடங்குவார்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அது ஆபத்து. அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் 1953ஆம் ஆண்டுத் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி என்று யார் சொன்னாலும் நாம் ஐயத்தோடு கேட்பதற்கு இந்த வரலாறே காரணம். அந்த ஐயம் நியாயமானது. அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1990களில் இத்தகைய கற்பித்தலுக்கு மூன்று அளவுகோல்களை வகுத்தார்: பாடத்தில் தேர்ச்சி, தன் பண்பாட்டில் ஊன்றி நிற்றல், சமூக அநீதியைக் கேள்வி கேட்கும் திறன். நம்மூரில் மூன்றாவதுதான் விடுபடுகிறது. பீடிக்கணக்கு பெருக்கலோடு முடியக் கூடாது. பீடிக் கம்பெனி கொடுத்த இலை பற்றாமல் அம்மா கைக்காசு போட்டு வாங்கியது எவ்வளவு, கழிவு என்று ஒதுக்கியதில் போன கூலி எத்தனை சதவீதம், இது ஏன் இப்படி என்று அது வளர வேண்டும். அப்போதுதான் பிள்ளை அம்மாவின் பீடி முறத்தைத் தாண்டிப் போகும்.

அடுத்த குறை, சாதி. ஊரை அறிந்தவர் ஊரின் சாதிக் கட்டுப்பாட்டையும் சுமந்து வரலாம். 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் சொன்ன காரணம் ஊர்க் கட்டுப்பாடு. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்றும், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஊர்க்காரரே நல்லாசிரியர் என்று நம்புவோருக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை.

மூன்றாவது, கூலி. பண்பாட்டு நெருக்கம் என்ற நல்ல பெயர், மலிவான ஆசிரியரைப் பிடிக்கும் வழியாகிவிடுகிறது. குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்பவரால் பிள்ளையின் வீட்டுக்கதையைக் கேட்க எத்தனை நாள் முடியும்? பீடித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கூலி ஆசிரியர் போதும் என்பதே ஒரு சாதிய முடிவுதான்.

ஆக, ஊர் அறிவு வேண்டும். அது பிறப்பால் மட்டும் வருவதல்ல, பயிற்சியால் வரும். பி.எட். படிப்பு 2015இலிருந்து இரண்டு ஆண்டுகள். அதில் 20 வாரம் பள்ளிக் களப்பயிற்சி. அதில் சில வாரங்களைப் பீடிக்கடையிலும் தறிக்கூடத்திலும் சந்தையிலும் பெற்றோரோடு கழிக்கச் செய்து, அங்கிருந்து பாடம் எழுத வைக்கலாம். தன் சாதியின் பார்வை வகுப்பில் எங்கே எட்டிப்பார்க்கிறது என்று ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். நன்றாகப் பணியாற்றிய தன்னார்வலர்களுக்கு உதவித்தொகையோடு ஆசிரியர் பயிற்சி கொடுத்து, தகுதித்தேர்வு வழியாக நிரந்தரப் பணிக்கு வழிகாட்டலாம். பற்றாக்குறையை நிரந்தர நியமனமே தீர்க்கும். வெளியூர்க்காரர் ஊரைப் படிக்கவும், உள்ளூர்க்காரர் ஊரைக் கேள்வி கேட்கவும் கற்றுத் தருவதே ஆசிரியர் பயிற்சியின் வேலை.