அழவும் வைத்து எழவும் வைத்த பாட்டு

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்ட ராத்திரி அது. பந்தல்காரருக்குத் தர வேண்டிய பாக்கிக்கான சீட்டு என் சட்டைப்பையில். அப்பாவின் மூக்குக்கண்ணாடி மடக்காமலேயே ஜன்னல் திட்டில் கிடந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் "தைரியமா இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு ரேடியோவில் 'மயக்கமா கலக்கமா' ஆரம்பித்தது. பதினாறு நாளும் வராத அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுப்படியில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா, ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம், "சாப்பிடுறியாடா?" என்றார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

என்ன பாட்டு ஐயா அது! 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. கண்ணதாசன் எடுத்த எடுப்பில் புத்தி சொல்வதில்லை. உனக்கு என்னப்பா ஆச்சு என்றுதான் முதலில் விசாரிக்கிறார். துக்கத்தில் இருப்பவனிடம் அப்படிக் கேட்க எத்தனை பேருக்குத் தோன்றும்? பி.பி.ஸ்ரீனிவாஸ் ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுப் பேசுகிற குரல். அந்தக் குரலில் வருவதால்தான், உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களையும் நினைத்துப் பார் என்ற பழைய ஆறுதல்கூடக் கசப்பதில்லை.

எனக்கு மட்டுமா? வாய்ப்புக் கிடைக்காமல் மனம் வெறுத்து, சென்னையை விட்டே போய்விடுவது என்றிருந்தார் கவிஞர் வாலி. அந்த நேரம் பார்த்து, புதிதாகப் பாடியிருந்த இந்தப் பாட்டை ஸ்ரீனிவாஸ் அவருக்குப் பாடிக் காட்டினார். வாலி மூட்டை கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார். அடுத்த வருஷமே 'கற்பகம்' வந்தது. பாட்டெல்லாம் அவர் எழுதியது. போட்டிக் கவிஞராகப் பின்னாளில் பேசப்பட்டவரைப் பிடித்து நிறுத்தியது கண்ணதாசனின் சோகப் பாட்டு! இதை வாலியே மேடைக்கு மேடை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

மனசு கனத்துக் கிடக்கும் ராத்திரியில் குத்துப்பாட்டைத் தேடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு இதை ஒரு தரம் கேளுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். முடிந்ததும் ஒரு வாய் சாப்பிடுங்கள்.