மோதிரமும் மனமும்

கணையாழி என்றதும் எம்மவர் நினைவில் முதலில் எழுவது, அசோகவனத்திலே அனுமன் சீதையின் கையிற் கொடுத்த இராமனின் மோதிரமாகும். அடுத்து நினைவுக்கு வருவது, மீன் வயிற்றிலிருந்து மீண்டு துஷ்யந்தனுக்குச் சகுந்தலையை நினைவூட்டிய மோதிரம். இரண்டும் பிரிந்தோரைக் கூட்டுவிப்பவை. இவற்றுக்கு முற்றும் மாறான மோதிரமொன்றை நடுவாக வைத்து எழுந்த ஆங்கிலப் பெருங்கதை ஒன்றுண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஆர். டொல்கீன் (1892–1973), 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் நூலே அது. அதிலுள்ள மோதிரம் அணிந்தவனைப் பிறர் கண்ணினின்றும் மறைக்கும்; சுற்றத்தினின்றும் மெல்லப் பிரிக்கும்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். சௌரோன் என்னும் கொடியோன் உலகனைத்தையும் தன் அடிப்படுத்தக் கருதித் தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஒரு மோதிரத்துள் வார்த்து வைத்தான்; போரில் அதனை இழந்தான். நெடுங்காலம் ஆற்றடியிற் கிடந்த அது, ஹொபிட் எனப்படும் குறுமனிதருள் ஒருவனாகிய பில்போவிடமும், அவனுக்குப்பின் இளைய உறவினனாகிய பிரொடோவிடமும் வந்து சேர்ந்தது. தான் வார்க்கப்பட்ட எரிமலைத் தீயிலன்றி வேறெங்கும் அது அழியாது. அம்மலையோ பகைவன் நாட்டின் நடுவே உள்ளது. பிரொடோ மோதிரத்தைச் சுமந்து செல்ல, தோட்டக்காரனான சாம் துணை செல்கிறான்.

“பகைவனை வெல்ல அம்மோதிரத்தையே பயன்படுத்தினால் என்ன, ஐயா?” என வகுப்பில் மாணவனொருவன் என்னை வினவினான். நூலினுள்ளும் பொரொமிர் என்னும் வீரன், அறிஞர் கூடிய அவையில் இதே வினாவை எழுப்புகின்றான். மூடத்தனமான வினா அன்று இது. இதற்கு விடை காண முயல்வோர்க்கே நூலின் உட்பொருள் புலனாகும்.

தீய பொருள் தீயவனைக் கெடுக்கும், தூயவனை ஒன்றும் செய்யாது என எண்ணுதல் உலகியல்பு. விஷ்ணு புராணம் கூறும் சியமந்தக மணியின் வரலாறு இக்கொள்கைக்குச் சிறந்த சான்று. நாள்தோறும் எட்டுப் பாரம் பொன் சுரக்கும் அம்மணி, தூய்மையோடு அணிவோனுக்கு நலம் தரும். தூய்மையின்றி அணிவோனைக் கொல்லும். பிரசேனன் அதனைத் தூய்மையின்றி அணிந்து வேட்டைக்குச் சென்று சிங்கத்தின் வாய்ப்பட்டான். பல கொலைகளின் பின், கண்ணபிரான் அதனைத் தாம் வைத்துக்கொள்ளாது அக்குரூரரிடமே ஒப்புவித்தார். தக்கவன் ஒருவனைக் கண்டால் ஆங்கே சிக்கல் தீர்ந்துவிடும். கிரேக்க அறிஞர் பிளேட்டோ ‘குடியரசு’ இரண்டாம் நூலில் எடுத்தாளும் கைகஸ் கதையிலும் மோதிரம் வெறுங் கருவியே. மறைந்து திரியும் ஆற்றல் பெற்ற இடையன் அரசனைக் கொன்று நாட்டைக் கவர்ந்தான் எனின், அத்தீமை அவனுள் முன்னரே இருந்ததாகும்.

டொல்கீனின் மோதிரமோ தக்கவனைத் தேடியடைந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. உண்மையில், தக்கவனே அதிகம் அஞ்சவேண்டியவன்.

இம்மோதிரம் முதலில் இத்துணைக் கொடியதாகப் படைக்கப்படவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. 1937 இல் வெளிவந்த ‘ஹொபிட்’ என்னும் சிறுவர் நூலில் அது உருக்கரக்கும் வேடிக்கைப் பொருள் மட்டுமே. குகையில் வாழும் கொலம் என்னும் பிராணி விடுகதைப் போட்டியில் அதனையே பந்தயமாக வைக்கின்றது. தோற்றபின் கொடுக்க இயலாமைக்காக வருந்தவும் செய்கின்றது. பின்னர் பெருங்கதையை எழுதியபோது, அத்தகைய மோதிரத்தை எவனும் மனமுவந்து கொடான் என்பது ஆசிரியர்க்குத் தெளிவாயிற்று. எனவே 1951 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வதிகாரத்தைத் திருத்தி எழுதினார். பழைய பாடத்தை என் செய்வது? அது பில்போ சொன்ன பொய் என்று பெருங்கதையில் அமைத்துக்கொண்டார்! பரிசாகப் பெற்றேன் என நேர்மையாளனாகிய பில்போ நண்பரிடம் பொய் கூறினான்; மோதிரம் அவனிடத்து விளைத்த முதற்கேடு அதுவே. பதிப்பு வேறுபாட்டையே பாத்திரத்தின் வீழ்ச்சிக்குச் சான்றாக்கிய இத்திறத்தை வேறெந்த நூலிலும் யான் கண்டிலேன். கொலையோ கொள்ளையோ அன்று, தன் உரிமையை நிலைநாட்டும் ஒரு சிறு பொய். கேடு தொடங்குமிடம் அதுதான்.

இந்நூல் வெளிவந்த காலத்திற் கவிஞர் எட்வின் மியூர், ‘ஒப்சேவர்’ பத்திரிகையில், இதன் நல்லோர் என்றும் நல்லோர், தீயோர் என்றும் தீயோர் எனக் குறை கூறினார். மியூர் எளிதில் ஒதுக்கத்தக்க விமரிசகர் அல்லர். ஓர்க் என்னும் அரக்கர் கூட்டத்தை நோக்கின் அவர் கூற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் பொரொமிரை அவர் எங்ஙனம் மறந்தார் என்பது விளங்கவில்லை.

பொரொமிர் மோதிரத்தை ஒருமுறையேனும் தொட்டவன் அல்லன். கண்டான், அருகே பயணஞ் செய்தான், அவ்வளவே. அவன் நகரம் தலைமுறை தலைமுறையாகப் பகைவனைத் தடுத்துக் குருதி சிந்துவது. அதனைக் காக்கவேண்டும் என்ற தூய வேட்கையே அவன் உள்ளத்திலுள்ளது. பிரொடோவைத் தனியே சந்தித்து அவன் நிகழ்த்தும் உரையின் வரிசையை ஊன்றி நோக்குக. முதலில் நாட்டைப் பற்றிப் பேசுகின்றான். பின்னர்ப் படைகளைப் பற்றி. அதன்பின் அப்படைகளை நடத்தும் தன்னைப் பற்றி. ஈற்றில் அறிவும் அருளும் வாய்ந்த மன்னனாகத் தானே வீற்றிருப்பதைப் பற்றி. ‘எம் நாடு’ என்பது ‘யான்’ என மாறிய இடம் எதுவெனச் சுட்ட முயன்று பலமுறை வாசித்தும் என்னால் இயலவில்லை. அவனுக்கும் அது தெரிந்திராது. அடுத்த கணம் எளிய தோழன்மீது கைவைக்கின்றான். பின் இடறி வீழ்ந்து அழுகின்றான். குறுமனிதர் இருவரைக் காக்கப் போரிட்டு மடிகின்றான். தீமை அவனுள் நுழைந்த வாயில் நாட்டுப்பற்று என்னும் நல்வாயிலே.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் முதியவரான காண்டால்ஃப். பிரொடோ மோதிரத்தை அவரிடமே நீட்டியபோது அவர் நடுங்கி மறுக்கின்றார். மெலியோர்க்கு இரங்கும் தம் அருளுணர்வின் வழியாகவே அது தம்மை வெல்லும் என்பது அவர் அச்சம். அவர் அதனை ஏற்றிருப்பின் சௌரோனினும் கேடானவர் ஆகியிருப்பார் என, 1963 இல் எழுதிய கடிதமொன்றில் டொல்கீனே கூறுகின்றார். கொடியோன் ஆட்சியில் நன்மை இதுவெனப் பிரித்தறியலாம். தம்மையே அறமெனக் கருதும் நல்லோன் ஆட்சியிலோ நன்மையே வெறுக்கத்தக்கதாகிவிடும். மாணவன் வினாவுக்கு இதனினும் தக்க விடை எனக்குத் தெரியவில்லை. கலாட்ரியல் அரசியும் இச்சோதனையிலே தேறுகின்றாள். அக்காட்சி அழகியது, ஆயின் சிறிது அலங்காரம் மிகுந்தது.

என் மனத்தைக் கவர்வது சாமின் சோதனை. தலைவன் இறந்தான் எனக் கருதி மோதிரத்தைச் சாம் எடுத்துக்கொள்கின்றான். உடனே காட்சி விரிகின்றது: அவன் ஒரு பெருவீரன், சேனைகள் பின்தொடர்கின்றன, பாழ்நிலம் முழுவதும் பூவும் கனியுமாகப் பொலிகின்றது. தோட்டக்காரனுக்குத் தோட்டத்தையே காட்டி மயக்குகின்றது அம்மோதிரம்! பொன்னோ பெண்ணோ காட்டவில்லை. தலைவன்மேலுள்ள அன்பும், தனக்கு வேண்டுவது தன் கையாற் பேணத்தக்க ஒரு சிறு தோட்டமே என்ற தெளிவும் அவனைக் காத்தன. தன் அளவை அறிந்தவன் சாம்.

எனினும் சாமைத் தெய்வமாக்கல் தகாது. ஐந்நூறு ஆண்டளவு மோதிரத்தோடு வாழ்ந்து கெட்ட கொலம், வழிகாட்டியாக அவர்களுடன் செல்கின்றான். பிறந்தநாட் பரிசென அதனை வேண்டித் தோழனைக் கொன்றவன் அவன். மலைப்படிகளிலே இருவரும் உறங்கும்போது அவன் மெல்ல வந்து பிரொடோவின் முழங்காலைத் தொடுகின்றான். அக்கணத்தில் அவன் பேயாகத் தோன்றவில்லை. உற்றாரெல்லாம் மறைந்தபின் தனித்துத் தளர்ந்த ஒரு கிழவனாகவே தோன்றுகின்றான். சாம் விழித்துக் கடுஞ்சொற் கூறுகின்றான். அவ்வொளி அணைந்துவிடுகின்றது, மீண்டும் வரவில்லை. தீயோர் என்றும் தீயோர் என்ற மியூரின் கூற்று இவ்விடத்தில் நில்லாது. மோதிரம் கெடுத்தது பாதியெனின், மீளும் வேளையில் அவனைத் தள்ளியது நல்லவன் ஒருவனின் நாவே.

இதே சாம் எரிமலைச் சாரலிற் கொலமைக் கொல்லும் வாய்ப்பிருந்தும் கொல்லாது விடுகின்றான். சிறுபொழுது மோதிரத்தைச் சுமந்தமையால் அவன் துன்பத்தைச் சிறிது உணர்ந்துகொண்டான். முன்னொருகால் பில்போவும், வழியிற் பிரொடோவும் அவனுக்கு இரங்கினர். தீயின் விளிம்பை அடைந்த பிரொடோ என் செய்கின்றான்? மோதிரம் தனதே என அறிவித்து அணிந்துகொள்கின்றான்! கொலம் பாய்ந்து விரலோடு அதனைக் கடித்தெடுத்து, களிப்பிற் கால் தவறித் தீயில் வீழ்கின்றான். கதாநாயகன் ஈற்றிலே தோற்பது காவியத்துக்கு இழுக்கென்பர் சிலர். யான் அங்ஙனம் கருதேன். எவரும் அவ்விடத்தில் அதனை எறிந்திருக்க முடியாது என்பதே நூலின் துணிபு. மனவலி தோற்ற இடத்தில், மூவர் முன்னர்க் காட்டிய இரக்கமே காரியத்தை முடித்தது. பீற்றர் ஜாக்சன் 2003 இல் வெளியிட்ட திரைப்படத்திற் பிரொடோ கொலமோடு போராட, அப்போராட்டத்திலே கொலம் வீழ்கின்றான். காட்சி விறுவிறுப்பாயிற்று, பொருள் போயிற்று. திரைப்படத்தை மட்டும் கண்ட மாணவர் நூலின் இவ்வதிகாரத்தையேனும் வாசித்தல் வேண்டும்.

மோதிரம் அழிந்தபின்னும் ஆசிரியர் பிரொடோவை விடுவிக்கவில்லை. ஊர் திரும்பி, யாவரும் மகிழ்ந்திருக்கும் ஆண்டில், மார்ச் மாதம் 13 ஆம் நாள், விருந்தளித்த குடியானவன் அவன் படுக்கையருகே செல்கின்றான். பிரொடோ அரைத்துயிலிற் கிடக்கின்றான். கழுத்துச் சங்கிலியிலே முன்பு மோதிரம் தொங்கிய இடத்தில் இப்பொழுது அரசி அளித்த வெண்மணி ஒன்று தொங்குகின்றது. அதனைக் கையால் இறுகப் பற்றியபடி, போனது போயிற்று, எங்கும் இருளும் வெறுமையுமே என்னும் பொருள்படப் புலம்புகின்றான். சாம் அன்று ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது பிரொடோ தேறியிருந்தான். நிகழ்ந்ததைச் சாமுக்கு அவன் கூறவேயில்லை.