அம்மோஸ்: புதிய ஏற்பாட்டில் மணல் என்னும் சொல்

அம்மோஸ் என்பது மணலைக் குறிக்கும் கிரேக்கப் பெண்பால் பெயர்ச்சொல். புதிய ஏற்பாட்டில் இது ஐந்து இடங்களில் மட்டுமே வருகிறது: மத்தேயு 7:26, ரோமர் 9:27, எபிரெயர் 11:12, வெளிப்படுத்தின விசேஷம் 12:18 (சில பதிப்புகளில் 13:1), 20:8. பிரசங்கங்களில் பெரிதும் எடுத்தாளப்படுவது முதலாவது இடம். மணலின்மேல் வீடு கட்டிய புத்தியில்லாத மனிதனின் உவமை. அதன் செல்வாக்கால், வேதத்தில் மணல் என்றாலே நிலையாமை, போலி விசுவாசம் என்று விளக்கும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. மற்ற நான்கு இடங்களும் இந்த விளக்கத்துக்கு இடம் தருவதில்லை.

அவற்றுள் மூன்றில் மணல் எண்ணிக்கையின் உவமை. இதன் வேர் ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தத்தில் உள்ளது (ஆதியாகமம் 22:17). எபிரெய மூலம் கடற்கரையைக் 'கடலின் உதடு' என்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் அதை அப்படியே வைத்துக்கொண்டது. எபிரெயர் 11:12-லும் அதே உதடு வருகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆதியாகமம் 13:16-இல் எபிரெயம் சொல்வது பூமியின் தூளை. கிரேக்க மொழிபெயர்ப்போ அங்கும் அம்மோஸ் என்றே எழுதியது. 28:14-லும் அப்படியே. கிரேக்கத்தில் வேதம் வாசித்தவர்களுக்கு மணல் என்றால் முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது சரிந்த வீடு அல்ல, ஆபிரகாமின் சந்ததி.

பவுல் இந்த நினைவைத்தான் கூர்மையாகப் பயன்படுத்துகிறார். ரோமர் 9:27-இல் அவர் எடுத்தாள்வது ஏசாயா 10:22. சொல்லமைப்பில் ஓசியாவின் சாயலும் கலந்திருக்கிறது. இஸ்ரவேலின் தொகை கடல் மணலைப்போல் இருந்தாலும் மீதியானவர்களே இரட்சிக்கப்படுவர் என்பது கருத்து. இங்கே மணல் ஆசீர்வாதத்தின் அளவு. அந்த அளவே போதாது என்பதுதான் வாதம். மணலைப் பலவீனம் என்று கொண்டால் வாக்கியத்தின் இறுக்கமே போய்விடும்.

வெளிப்படுத்தின விசேஷம் 20:8-இல் அதே உவமை கோகு, மாகோகு சேனைகளுக்குச் செல்கிறது. பகைவர் படையை மணலுக்கு ஒப்பிடுவது புதிதல்ல; நியாயாதிபதிகள் 7:12-இல் மீதியானியரின் ஒட்டகங்களுக்கும் இந்த உவமை உண்டு. 12:18-இல் மணல் வெறும் கடற்கரைதான். அங்குள்ள சிக்கல் வேறு: நின்றது யார்? பழைய தமிழ் மொழிபெயர்ப்பு யோவான் நின்றதாகச் சொல்கிறது. சினாய், அலெக்சாந்திரியக் கையெழுத்துப் படிகளின்படி நின்றது வலுசர்ப்பம். கிரேக்கத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு.

ஒரு வாக்கியத்தில் கிடைக்கும் பொருளைச் சொல்லின் எல்லா இடங்களுக்கும் ஏற்றுவது பிழை என்று ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியான தமது விவிலியச் சொற்பொருள் ஆய்வு நூலில் கண்டித்தார். அம்மோஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மணல் என்ற அகராதிப் பொருளுக்குள் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

மத்தேயுவிலும் குற்றம் மணலின்மேல் இல்லை. மழை, பெருவெள்ளம், காற்று மூன்றும் இரண்டு வீடுகளையும் ஒன்றுபோலவே தாக்குகின்றன. பாலஸ்தீனத்தில் கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைகள் மாரியில் திடீரெனப் பெருக்கெடுக்கும். கோடையில் பார்ப்பவனுக்கு அந்த மணல் நல்ல மனையாகவே தோன்றும். இரு மனிதர்களும் வசனத்தைக் கேட்டவர்களே. ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. உவமை பிரிப்பது அங்கேதான். இதே உவமையைச் சொல்லும் லூக்கா 6:49-இல் அம்மோஸ் என்ற சொல்லே கிடையாது. அங்கே அவன் அஸ்திபாரமில்லாமல் மண்ணின்மேல் கட்டுகிறான். வீடு அப்படியும் விழுகிறது.