அரக்கர்களும் அனுபவப் புள்ளிகளும்: ஒரு விளையாட்டுப் பிரதியை முன்வைத்து

‘என்கவுன்ட்டர்’ நமக்கு நாளிதழ் வழியாக வந்து சேர்ந்த சொல். விடியற்காலை, ஊருக்கு வெளியே ஒரு காட்டுப்பகுதி, அரிவாளோடு பாய்ந்தவன், தற்காப்புக்காகச் சுட்ட போலீஸ், கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஏட்டு. செத்தவனின் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி நிற்கும். அது போதும், அவன் எப்படிச் செத்தான் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இதே சொல் அமெரிக்காவில் பிறந்த ஒரு மேசை விளையாட்டில் கலைச்சொல்லாகப் புழங்குகிறது. எதிர்ப்படும் அரக்கர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கொல்வது எவ்வளவு கடினம், கொன்றால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதி வைப்பதற்கு அங்கே என்கவுன்ட்டர் அமைத்தல் என்று பெயர். (முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கம் அங்கே மட்டும்தான் உண்டு என்று நாம் சொல்லவரவில்லை.)

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாக, மந்திரவாதியாக, பூசாரியாக வேடம் ஏற்பார்கள். ஒப்பனை கிடையாது, பேச்சுதான் வேடம். ஒருத்தர் மட்டும் ஆட்டத்தை நடத்துவார். கூத்தில் கட்டியங்காரன் கதையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, எதிரே வருகிற அத்தனை பேருக்கும் அவரே வாய். மிச்சத்தைப் பகடை தீர்மானிக்கும். சென்னையிலும் பெங்களூரிலும் இதை ஆடுகிறவர்கள் உண்டு. ‘சும்மா வெளயாட்டுதானப்பா, இதுலயும் போயி சாதியத் தேடணுமா?’ என்று கேட்பார்கள். தேடவே வேண்டாம், பிரதியே எடுத்துக் கொடுக்கிறது.

கைகாக்ஸ் எழுதிய ‘எல்லைப்புறக் கோட்டை’ என்ற ஆட்டக்கதையை 1979 - 80 முதல் தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்றார்கள். ஒரு தலைமுறையே இதைப் பார்த்துத்தான் என்கவுன்ட்டர் அமைக்கக் கற்றுக்கொண்டது. ஒரு பக்கம் மதில் சூழ்ந்த கோட்டை. உள்ளே வழிபாட்டிடம், கடன் கொடுக்கும் வங்கி, கடைகள், காவலர்கள். இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கில் குகைகள். கோபோல்டு, ஓர்க், கோப்ளின் என்று இனத்துக்கு ஒரு குகை. இந்த வரைபடத்தை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியும்தான். ஊரிலிருந்து ஆயுதம் வாங்கிக்கொண்டு சேரிக்குள் இறங்குவதும், கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஊருக்குத் திரும்பி விற்பதும்தான் ஆட்டம். குகைக்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பகையாக இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில் உண்டு. அதுவும் நமக்குப் புதுசில்லை.

இந்தக் கோட்டைக்குள்ளும் தீயவன் ஒருத்தன் ஒளிந்திருக்கிறான், கலகலப்பான ஒரு பூசாரி வேடத்தில். அவன் கெட்டவன் என்பதால் கோட்டை கெட்டதாகிவிடுவதில்லை. குகையில் நிலைமை வேறு. அங்கே தீமை இனத்துக்கே பொது. ஊர்க்காரன் செய்தால் அது ஒரு மனிதன் செய்த குற்றம், சேரிக்காரன் செய்தால் ‘அவங்களே அப்படித்தான்’. என்கவுன்ட்டர் அமைப்பின் முதல் விதி எங்கும் அச்சிடப்படாத இந்த விதிதான்.

கோபோல்டு குகையின் பொது அறையில் ஆண்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், தாக்காத குழந்தைகளும் இருக்கிறார்கள். ‘தாக்காத’ என்று பிரதியே சொல்கிறது. 1977இல் வந்த கைகாக்ஸின் ‘மான்ஸ்டர் மானுவல்’ என்ற அரக்கர் கையேட்டிலும் ஓர்க்குகளின் இருப்பிடத்தில் ஆண்களின் எண்ணிக்கையில் பாதி பெண்கள், ஆண்கள் அளவுக்கே குழந்தைகள் என்று விகிதம் கொடுத்திருக்கிறார். வீடு என்ற சொல்லைத் தவிர்த்து, விலங்கின் பொந்துக்கு ஆகும் சொல்லைப் போட்டிருக்கிறார், அது வேறு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்போய், இவர்கள் ஒரு சமூகம் என்ற உண்மையைக் கைகாக்ஸ் தானறியாமல் எழுதிவிடுகிறார். பிரதி தன்னையே காட்டிக்கொடுக்கும் இடம் இது. அந்தக் குழந்தைகளை என்ன செய்வது? மேசை மேசையாக இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது.

2005இல் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகையில் கைகாக்ஸ் தன் தீர்ப்பைச் சொன்னார். ஈர்தான் பேனாகும் என்ற பொருள்படும் ஓர் ஆங்கில வழக்கை எடுத்துக்காட்டி, அதைச் சொன்னதாகக் கருதப்படும் கர்னல் ஜான் சிவிங்டனின் பெயரையும் குறிப்பிட்டார். யார் இந்த சிவிங்டன்? 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவில் சாண்ட் க்ரீக் என்ற இடத்தில் செயென், அரபஹோ மக்களின் குடியிருப்பில் படையோடு புகுந்தவர். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குகைக்குள் நடக்கும் ஆட்டம் எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை, ஆட்டத்தை உருவாக்கியவரே முகவரி கொடுத்துவிட்டார்.

பிறப்பால் குணம் என்ற கோட்பாடு நமக்கு வேதகாலத்திலிருந்து சொல்லித்தரப்பட்டு வருகிறது. இங்கே அதற்கு ‘அலைன்மென்ட்’ என்று பெயர். ஆடுகிறவர் தன் பாத்திரம் நல்லதா கெட்டதா என்று தானே தேர்ந்துகொள்ளலாம். அரக்கருக்குத் தேர்வு கிடையாது, அச்சடித்து வந்துவிடும். 1977இல் ஓர்க்குகள் ஒழுங்குக்கு அடங்கிய தீயவர்கள். 2000இல் மூன்றாம் பதிப்பு வந்ததும் ஒழுங்குக்கு அடங்காத தீயவர்கள் ஆனார்கள். ஒரு இனத்தின் பிறவிக்குணம் அச்சகத்தில் மாறியது! 1978இன் விதிநூலில் ஓர்க்குக்கும் மனிதருக்கும் பிறந்தவருக்கு வலுவில் ஒன்று கூட்டி, வசீகரத்தில் இரண்டு குறைத்தார்கள். ‘நல்ல ஒடம்பு, ஆனா மொகத்துல களையில்ல’ என்று எந்த ஊரில் யாரைச் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். இந்த ஓர்க்குகளை முதலில் கதையில் உலவவிட்ட டோல்கினும் 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் சப்பை மூக்கு, சாய்ந்த கண், மங்கிய தோல் என்று வர்ணித்து, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மங்கோலிய முகங்களோடு அவர்களை ஒப்பிட்டிருக்கிறார்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2014இன் விதிநூல்படி ஒரு கோப்ளினைச் சாய்த்தால் 50 அனுபவப் புள்ளி. அதே ஆண்டின் தொடக்கநிலை ஆட்டக்கதை நான்கு கோப்ளின்கள் பதுங்கியிருந்து தாக்குவதில் தொடங்குகிறது. நான்கு ஐம்பது 200. கூட்டமாக வந்தால் ஆபத்து அதிகம் என்பதால், மூன்று முதல் ஆறு பேர் வரை இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. முதல் நிலையிலுள்ள நான்கு வீரர்களுக்கு 400 என்றால் ‘உயிருக்கு ஆபத்தான’ வகை. யார் உயிருக்கு? கணக்கு முழுக்க வீரர்களின் உயிரைப் பற்றியது. நான்கு கோப்ளின்கள் சாவது கணக்கின் விடையில் இல்லை, அது கணக்கைத் தொடங்குவதற்கான நிபந்தனை. எளிது, நடுத்தரம், கடினம் எல்லாமே கொல்கிறவனின் சிரமத்தை அளக்கும் கோல்கள். சாகிறவன் பக்கம் வைத்து அளக்க ஒரு கோல்கூட இல்லை. 2024இன் புதிய விதிநூலில் பெருக்கலை எடுத்துவிட்டார்கள், கோலைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

கொன்றவனுக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. அதே 2014இல், செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், போலீஸ் என்கவுன்ட்டர்கள் பற்றி நம் உச்சநீதிமன்றம் 16 வழிகாட்டுதல்களைத் தந்தது. அவற்றில் ஒன்று, சம்பவம் நடந்த கையோடு சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு முறைமீறிய பதவி உயர்வோ வீரப்பரிசோ கொடுக்கக்கூடாது என்பது. கொலைக்கும் உயர்வுக்கும் இடையே விசாரணை என்ற ஒரு இடைவெளி வேண்டும் என்கிறது நீதிமன்றம். இந்த ஆட்டத்தில் அந்த இடைவெளி கிடையாது, அன்று ராத்திரியே லெவல் ஏறிவிடும்.

சண்டையே கூடாது என்பது நம் கட்சியல்ல. எலும்புக்கூடு நடந்து வந்தால் வெட்டிப்போடுங்கள். பத்தடிக் கூழ்க்கட்டி ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு, நடைபாதையெங்கும் ஊர்ந்து கிடப்பதையெல்லாம் தின்று தீர்க்கும். அதற்குப் பிள்ளைகுட்டி கிடையாது, அடுப்பங்கரை கிடையாது. (ஆனாலும் பாருங்கள், பாதாளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யும் வேலையை அதன் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.) அடுப்பு எரிகிற இடத்தை என்கவுன்ட்டர் களமாக அமைப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

இதற்கு மாற்று அதே ஆட்டத்தின் பழைய விதிகளிலேயே கிடந்தது என்பது வேடிக்கை. டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலைப் பதிப்பில், எதிரே வருபவர் என்ன செய்வார் என்பதற்கு ஆட்டத்தை நடத்துபவர் இரண்டு பகடை உருட்டிப் பார்க்கலாம். 36 வாய்ப்பில் உடனடித் தாக்குதல் ஒன்றே ஒன்று. ஒன்பதில் பகைமை, தாக்கவும் கூடும். பதினாறில் குழப்பம். ஒன்பதில் தாக்காமல் விலகிப் போவார்கள், அல்லது பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். மிச்சம் ஒன்றில் உற்சாகமான நட்பு! சண்டை மூண்டாலும் மனவுறுதிப் பகடை உண்டு. தலைவன் விழுந்தால் ஓர்க்குகளின் உறுதி எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கும், ஓடுவார்கள், சரணடைவார்கள். ஒரு ஓர்க்கைக் கொன்றால் 10 புள்ளி, 10 பொற்காசு கொண்டுவந்தாலும் 10 புள்ளி. கொல்லாமல் காரியம் ஆனால் நஷ்டமில்லை. கதை இனவெறியோடு இருந்தபோது விதி பேச்சுக்கு இடம் வைத்திருந்தது. பிற்காலத்தில் கதையைத் திருத்தினார்கள், இந்தப் பகடைகளை ஓரங்கட்டினார்கள். ‘இவர்களும் நம்மைப்போல்தான்’ என்று முன்னுரையில் பத்து வரி எழுதுவதைவிட ஓடிப்போக ஒரு வழி வைப்பது மேல்.

2020 ஜூனில், ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் ஓர்க் முதலானோரைச் சித்திரித்த விதம் நிஜ மக்கள் கூட்டங்களை இழிவுபடுத்துவதை ஒத்திருந்தது என்று ஒப்புக்கொண்டது. 2022 டிசம்பரில் ‘இனம்’ என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024இல் ஓர்க்குகள் ஆடுகிறவர் ஏற்கும் பாத்திரமாக விதிநூலில் ஏறினார்கள். 2025இன் அரக்கர் கையேட்டில் ஓர்க் என்ற தலைப்பே இல்லை. கறுப்பின ஆட்டக்காரர்களும் பிறரும் வருஷக்கணக்கில் கேட்டுப் பெற்றது இது, லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஓர்க் போன இடத்தில் கொள்ளையன், முரடன், கடற்கொள்ளையன் என்ற தலைப்புகளில் மனிதர்கள் நிற்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்ற புள்ளியோடு. அடைமொழி மாறியிருக்கிறது. ‘ஹரிஜன்’ என்று பெயர் வைத்த பிறகு கிணறு திறந்ததா என்று கேட்ட பரம்பரை நாம்.

அதே கையேட்டில் நமக்குத் தெரிந்த ஒருத்தரும் இருக்கிறார். ராட்சசன். 1977 பதிப்பிலேயே இந்தியாவின் தீய ஆவி என்று ஏறிவிட்டார், புலித்தலையோடு, புகைக்குழாயோடு, பட்டு அங்கியோடு. 2014இன் விதிப்படி, நல்லவன் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் மட்டும் அவருக்கு இருமடங்கு வலிக்கும். ‘நல்லவன்’ எய்யும் அம்பு என்றால் யார் அம்பு, மாண்டவர்கள் யார் என்று பெரியார் எவ்வளவோ எழுதியாயிற்று. பக்கத்திலேயே நாகமும் அரக்கர் பட்டியலில் இருக்கிறது. நாகர்களே நம் முன்னோர், பௌத்தத்தைப் பரப்பியவர்கள் அவர்கள்தான் என்று அம்பேத்கர் 1956 அக்டோபர் 15 அன்று நாக்பூரில் பேசினார். ஓர்க்குக்காக வழக்காட மேசையில் ஆள் இருந்தது, தலைப்பு நீங்கியது. ராட்சசனுக்காக யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை போலும். 2025 பதிப்பிலும் இருக்கிறார், கொன்றால் 10,000 புள்ளி.