பேசியது படம்; பேசியது என்ன?

ஓர் ஆண்டை எப்படி எடைபோடுவது? அந்த ஆண்டில் வந்திறங்கிய பொருள்களைக் கொண்டா? அந்தப் பொருள்களைக் கையாண்ட மக்களின் மனப்போக்கைக் கொண்டா? 1931ஆம் ஆண்டின் ஏட்டைப் புரட்டும்போது இந்தக் கேள்வி நம்மை விடாமல் துரத்துகிறது. தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்த ஆண்டு அது. தமிழ்ப்படம் வாய் திறந்து பேசிய ஆண்டும் அதுவே. விஞ்ஞானம் தந்த அரிய வரவுகள் இரண்டும். வரவு சரி, மனக்கணக்கில் நின்ற இருப்பு என்ன?

முதலில் வண்டியைப் பார்ப்போம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஏறக்குறைய 29 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதையில் மின்சார வண்டிக்குத் தொடக்கவிழா நடத்தியது 1931 ஏப்ரல் 2ஆம் நாள். மே 11 முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்தனர். மாம்பலமும் சைதையும் கிண்டியும் பரங்கிமலையும் பல்லாவரமும் நகரத்தோடு நெருங்கி உறவாடத் தொடங்கின. எட்ட இருந்த ஊர்கள் கிட்ட வந்தன. ஏரிக்கரையில் வீடு, கோட்டைப் பக்கத்தில் வேலை என்ற புதிய வாழ்வுமுறை பிறந்தது. கம்பியிலே பாய்ந்த மின்சாரம், பெட்டியில் ஏறியவனைப் பார்த்து, "நீ என்ன சாதி?" என்று கேட்கவில்லை. சீட்டு இருந்தால் போதும், அக்கிரகாரத்தையும் சேரியையும் ஒரே வேகத்தில் இழுத்துச் சென்றது.

கேட்டவன் மனிதன்! பெட்டியிலே ஒன்றாகப் பயணம் செய்தவர்கள், பசித்து இறங்கினால் ரயில் நிலையத்து உணவுச்சாலையில் "பிராமணர்" என்றும் "இதராள்" என்றும் பிரிக்கப்பட்டனர். பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின்னர் 1941இல்தான் அந்தத் தட்டி அகன்றது. மின்சாரம் வந்த பிறகும் பத்தாண்டு! நீராவியை விரட்டுவதற்குப் பொறியாளர் போதும். சாதியை விரட்டப் போராட்டம் வேண்டியிருந்தது. தாம்பரத்தைத் தாண்டி அதே பாதையில் தெற்கே சென்றால் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கேதான் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிப் பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப்பட்டத்தை வெட்டச் சொன்னது. இருப்புப்பாதை செல்லும் திசையிலேயே கருத்துப்பாதையும் போடப்பட்டிருந்தது. அதில் ஏறத்தான் பலருக்கு மனம் வரவில்லை.

இனிப் படத்துக்கு வருவோம். 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை 'கினிமா சென்ட்ரல்' அரங்கில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. ஆர்தேஷிர் இரானி தயாரித்தார், எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி நடித்தார். கதாநாயகி தமிழில் பேச, உடன் நடித்தவர் தெலுங்கில் பேசினர். பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டிக்கு ரயிலடியிலேயே தேங்காய் உடைத்து, பூத்தூவி, ஊதுவத்தி ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் எழுதியுள்ளனர். ஒலியைப் படச்சுருளில் பிடித்துவைத்தது மனித மூளை. பூசை பெற்றது தகரப்பெட்டி!

படச்சுருள் இன்று இல்லை. கதை தெரியும். அமைச்சனின் சூழ்ச்சியால், எழுத்தறியா இடையனை அரசகுமாரி மணக்கிறாள். உண்மை தெரிந்து காளியை வேண்டுகிறாள். காளி தோன்றி அருள, அவன் கவியாகிறான். பள்ளியில்லை, பயிற்சியில்லை, ஆசிரியன் இல்லை. அருள் ஒன்றே போதும்! எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த நாட்டிலே, வாய் திறந்த முதல் படம் சொன்ன செய்தி இது. கதைக்கும் அதற்கும் ஒட்டும் உறவும் இல்லாதிருந்தும், கைராட்டையைப் போற்றும் பாட்டொன்றும் சேர்க்கப்பட்டது. அரசியல் விடுதலைக்கு இடம் கிடைத்தது, அறிவு விடுதலைக்குக் கிடைக்கவில்லை.

ராஜலட்சுமியை நாம் குறைகூறவில்லை. நாடகமேடையில் உழைத்து உயர்ந்த அந்த அம்மையார், 1936இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி இயக்கினார். காளி அருளால் அன்று, கற்றுத் தேர்ந்த திறத்தால்! அவர் நடித்த கதைக்கு அவர் வாழ்வே மறுப்பு.

அதே 1931 ஆகஸ்டில் ஜப்பானும் தன் முதல் முழுநீளப் பேசும்படத்தைக் கண்டது. கோஷோ இயக்கிய படம் அது. தோக்கியோவின் புறநகரில் குடியேறிய நாடக எழுத்தாளன் ஒருவன், பக்கத்து வீட்டு ஜாஸ் இசையின் இரைச்சலால் எழுத முடியாமல் திண்டாடுகிறான். அவ்வளவுதான் கதை. வரமில்லை, சாபமில்லை, வாடகை வீடும் வீட்டுச் செலவும் மனைவியின் சிணுங்கலும் உண்டு. ஒலி வந்தது, ஒலியையே கதையாக்கினார்கள்! நம்மிடமும் அந்த ஆண்டிலேயே புறநகர் இருந்தது, மின்வண்டி இருந்தது. பல்லாவரத்துக் குமாஸ்தாவின் கதையைச் சொல்லத்தான் ஆளில்லை.

அப்படியானால் ஜப்பான் கரையேறிவிட்டதா? அவசரப்பட வேண்டாம், தோழர்களே! படம் வெளிவந்து இரு திங்கள் நிறையவில்லை. செப்டம்பர் 18ஆம் நாள் அதன் படையினர் முக்டன் அருகே இருப்புப்பாதையில் தாமே வெடிவைத்து, பழியைச் சீனர்மேல் சுமத்தி, மஞ்சூரியாவை விழுங்கப் புறப்பட்டனர். பெரிய நாளேடுகள் போட்டியிட்டு முரசு கொட்டின. சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ அனைவரும் பள்ளி சென்ற நாடு அது. படிக்கக் கற்றவர்கள், அரசனைத் தெய்வமென்று சொன்னபோது ஏனென்று கேட்கக் கற்கவில்லை. நமக்குக் குறை எழுத்தறிவு. அவர்களுக்குக் குறை எதிர்க்கேள்வி. இரண்டும் இல்லாத இடத்தில் காளி. ஒன்று மட்டும் உள்ள இடத்தில் பீரங்கி!

1931 நமக்கு விட்டுச்சென்ற இன்னொரு சொத்தும் உண்டு. அவ்வாண்டு மக்கட்கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்பட்டு, அகில இந்திய அளவில் கணக்கு வெளியாயிற்று. 1980இல் அறிக்கை தந்த மண்டல் குழுவும் அந்தப் பழங்கணக்கையே புரட்ட நேர்ந்தது. மீட்டர்கேஜ் மின்வண்டி 2004இல் விடைபெற்றது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. எண்ணப்பட்ட சாதி மட்டும் திருமண விளம்பரத்தில் வரிக்கு வரி இருக்கிறது.

ஆகவே நம் தீர்ப்பு இது: 1931 கருவிகளால் புதிய ஆண்டு, கருத்தால் பாதிப் புதிய ஆண்டு. மறுபாதியை முடிக்கும் கடன் கரும்பலகையின் முன் நிற்கும் நம்மைப் போன்றோருக்கும் உண்டு. தேர்வுக்கு முன்னே பேனாவைச் சன்னதியில் வைத்து வாங்கும் பிள்ளையிடம் 'காளிதாஸ்' கதையைச் சொல்லுவோம், சொல்லிவிட்டு, "எழுத்தைக் கற்காதவன் கவியெழுதியது எப்படி?" என்று கேட்போம். பிள்ளை யோசிக்கட்டும். விடையை நாம் சொல்லிவிட வேண்டாம்.