ஸஅத் எழுதிய கிண்ணம்

வடசென்னைத் துறைமுகத்தை அடுத்த இராயபுரம், தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைக்கும் பேதுருவின் பெயரால் அமைந்தது என்பர். அங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்கள் அப்பெயரைத் தங்கள் முகவரியில் எழுதுகின்றன. எழுதும் கை கூசுவதில்லை. எகிப்து நாட்டின் பழைய கிண்ணம் ஒன்றைப் பற்றிச் சிந்திக்கையில் இதுவே நம் நினைவுக்கு வருகின்றது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அக்கிண்ணம், பாத்திமீ கலீபாக்களின் ஆட்சியில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. உட்புறத்தில் கிப்தியக் கிறிஸ்தவக் குரு ஒருவர் தூபக்கலம் ஏந்தி நிற்கின்றார். மௌலிது ஓதும் இரவில் சாம்பிராணி கமழும் இல்லத்தார்க்கு அக்கலம் அந்நியமன்று. குருவின் அருகே, பண்டை எகிப்தியரின் உயிர்க்குறியைக் கிப்தியர் தமதாக்கிக்கொண்ட சிலுவை வடிவம். வெள்ளி, செம்புச் சேர்மங்களால் பளிங்குப் பூச்சின் மேல் எழுதி, புகை சூழ்ந்த உலையில் மீண்டும் சுட்டதால் ஓவியம் முழுதும் பொன்போல் மின்னுகின்றது.

புறத்தே அரபியில் ‘ஸஅத்’ என்னும் சொல். குயவரின் பெயர் என்பர் சிலர். ‘நற்பேறு’ என்னும் வாழ்த்து என்பர் வேறு சிலர். பெயரென்றே கொள்ளினும், அவர் மார்க்கம் இன்னதென்று அச்சொல் உரைக்கவில்லை. அரபுப் பெயர்கள் கிறிஸ்தவர்க்கும் உண்டு.

ஆகவே, முஸ்லிம் ஆட்சியின் பெருந்தன்மைக்கு இக்கிண்ணமே சான்று என முழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. அதே பாத்திமீ மரபின் கலீபா ஹாக்கிம், 1009இல் ஜெரூசலத்தின் திருக்கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் செய்தார். ஒரு கிண்ணம் அப்பழியைக் கழுவாது. அப்பழி இக்கிண்ணத்தின் ஒளியையும் மறைக்காது.

கிண்ணம் உரைப்பது சிறிது, ஆனால் உறுதியானது. தீட்டியவர் எம்மார்க்கத்தவராயினும் குருவை ஏளனம் செய்யவில்லை. அரசவைக் காட்சிகளுக்கு அக்காலக் கலைஞர் அளித்த அதே பொன்னொளியை அவருக்கும் அளித்தார்.

இத்தகைய செயல் நம் தென்னாட்டிலும் நிகழ்ந்ததுண்டு. கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு, கி.பி. 849இல் வேணாட்டு மன்னர் அளித்த உரிமைகளைக் கூறும் செப்பேட்டில், பஹ்லவி, எபிரேய எழுத்துக்களில் ஒப்பமிட்டோருடன், கூஃபி அரபி எழுத்தில் ஒப்பமிட்ட சாட்சிகளும் உள்ளனர். அவர்கள் தம் பெருமை பேசவில்லை. பிறர் உரிமைக்குச் சாட்சி நின்று பெயரெழுதினர்.

கலைத் திறனாய்வும் ஒரு சாட்சியமே. கண்டதை மறைத்தலும் ஆகாது. காணாததைக் கூட்டலும் ஆகாது.